இரண்டாம் வரிசையில் நாலாவது

அநியாயம் நடந்தது என் தங்கை தாமிராவுக்கு. வயது ஒன்பது, நாலாம் வகுப்பு, ஆ பிரிவு. செய்தவர் ஸ்டூடியோக்காரர். வகுப்புப் போட்டோவில் அவளுடைய இடது கன்னத்து மச்சத்தை, கண்ணுக்குக் கீழே ஆரம்பித்துக் கன்னம் முழுக்கப் படர்ந்து தாடையில் ஒரு சொட்டு சிந்தினாற்போல் முடிகிற, பிறந்ததிலிருந்து இருக்கிற அந்தச் சிவப்பை, கம்ப்யூட்டரில் துடைத்து எடுத்துவிட்டார். இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும். யாருக்கு, யார், என்ன. அதற்கப்புறம்தான் கோபம். கோபத்தை முதலில் வைத்தால் எதிராளி கோபத்துக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு விஷயத்தை விட்டுவிடுவார், இது நான் மூன்று வருஷமாகப் பேச்சுப் போட்டிகளில் அடிபட்டுக் கற்றுக்கொண்டது. பெரிய டீச்சர் அறைக்கு வெளியே கிடக்கிற இந்தப் பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை, நான் மூச்சு விட்டால்கூட டொக் என்கிறது, உள்ளே யாரும் இல்லை, இருந்தாலும் ஒவ்வொரு டொக்குக்கும் யாரோ நிமிர்ந்து பார்ப்பது போல இருக்கிறது. பெரிய டீச்சர் மூணாம் வகுப்பில் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறார்களாம், இடைவேளை மணி அடித்ததும் வருவார்களாம், உட்காரச் சொல்லிவிட்டு ஆயாம்மா போய்விட்டாள். போகிறபோது, நீ மேப்போட அக்காதானே என்று கேட்டுவிட்டுப் போனாள். மேப்பு. ஆயாம்மா வரைக்கும் வந்துவிட்டது அந்தப் பெயர். மணி பத்து இருபது. இடைவேளைக்கு இன்னும் அரைமணி. மத்தியானம் ஸ்டூடியோக்காரர் வந்து பிள்ளைகள் பெயர் எழுதின தாளை வாங்கிக்கொண்டு போவார், போனால் பிரிண்ட் போட்டுவிடுவார், நாற்பது பிரதி, நாற்பது வீடு, நாற்பது சுவரில் என் தங்கை இல்லாத என் தங்கை சிரித்துக்கொண்டு நிற்பாள். அதற்குள் நிறுத்தியாக வேண்டும். நிறுத்த வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் இல்லாதவளுக்கு எதற்கு இந்தப் பயம்?

அந்த 'ம்'தான். நேற்று ராத்திரி ஹாஸ்டலிலிருந்து போன் பண்ணி, ஸ்கூலுக்கு மாதிரிப் போட்டோ வந்ததாமே, பாத்தியா என்று கேட்டேன். ம் என்றாள். அவ்வளவுதான். அப்புறம் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டாள். ஒரு எழுத்து. ராத்திரி முழுக்க அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், விடிகாலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அம்பாசமுத்திரம் வரைக்கும் புரட்டினேன். அழுத 'ம்' இல்லை. அழுதிருந்தால் எனக்குத் தெரியும், அவள் அழுதால் மூக்கு அடைத்துக்கொள்ளும். கோபப்பட்ட 'ம்'மும் இல்லை. பாக்கெட்டில் மிட்டாயை வைத்துக்கொண்டு, மிட்டாய் தின்னியா என்று கேட்டால் வருமே, அந்த மாதிரி ஒரு மூடின 'ம்'. அப்படியானால் அவளுக்குப் பிடித்துவிட்டது. பிடித்துப்போய் அதை வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. இதுதான் என் பயம், இதை இந்தப் பெஞ்சுக்குக்கூடக் கேட்காமல் சொல்லிக்கொள்கிறேன். ஸ்டூடியோக்காரரோடு சண்டை போட்டுவிடலாம், நேற்றே போனில் போட்டேன், பாவம் மனுஷன், ஒரு மணி நேரம் உக்காந்து பாத்துப் பாத்துப் பண்ணேம்மா, பிள்ளைக்கு நல்லதுதானே என்றார், நல்லது என்று யார் தீர்மானித்தது என்றேன், உங்கம்மாவே சந்தோஷப்பட்டாங்களே என்றார். போனை வைத்துவிட்டேன். அம்மாதான் முதலில் அனுப்பினாள் எனக்கு. ஸ்டூடியோக்காரர் ஸ்டேட்டஸில் வைத்த படத்திலிருந்து தாமிராவை மட்டும் வெட்டி எடுத்து, எம்புட்டு லட்சணமா இருக்கா பாரு என்று எழுதி, பக்கத்தில் சிவப்பு இதயம் ஒன்று. நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கன்னம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. சிரிக்கிறபோது அவளுக்கு இடது பக்கம் உதடு கொஞ்சம் தடித்து மேலேறும், மச்சம் உதட்டைத் தொடுகிற இடம் அது, அதையும் இழுத்துச் சமப்படுத்தியிருந்தார். லட்சணமாகத்தான் இருந்தாள். அதுதான் தாங்கவில்லை. ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த விநாடிக்கு யார் மேல் மனுக் கொடுப்பது?

அம்மாவிடம் கத்தினேன். நீ எப்படி அதை அனுப்பலாம், அவள் மூஞ்சி என்ன எழுத்துப்பிழையா, இன்னும் என்னென்னவோ. கடைசியில் ரொம்ப மெதுவாகச் சொன்னாள். "நீ மட்டும் அவள வலது பக்கமா திருப்பி வச்சுத்தானட்டி போட்டோ எடுப்ப?" ஆமாம். எடுப்பேன். அவள் மூன்று வயதாக இருக்கும்போதிருந்து. வெளிச்சம் அந்தப் பக்கம்தான் நன்றாக இருக்கிறது என்பேன், எல்லா நேரத்திலும் எல்லா ஊரிலும் வெளிச்சம் வலது பக்கம்தான் நன்றாக இருந்தது. யாராவது அவள் படத்தைப் பார்த்து ஏதாவது எழுதிவிடுவார்களோ என்ற பயம், அவளுக்காகத்தான் பயந்தேன், அவளுக்காகத்தானா? இப்போது நான் கையில் செல்போனை எடுத்தாலே அவள் கழுத்து தானாகத் திரும்பிவிடுகிறது. மணி பார்க்க எடுத்தால்கூட. போன தீபாவளிக்கு அதைக் கவனித்தேன், கவனித்துவிட்டு அப்படியே படம் எடுத்துக்கொண்டேன். ஸ்டூடியோக்காரர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அழித்ததை நான் ஆறு வருஷமாக அழித்துக்கொண்டிருக்கிறேன். இதைப் பெரிய டீச்சர் கேட்டால்? கேட்கமாட்டார்கள், அவர்களுக்கு எப்படித் தெரியும். ஆனால் தாமிராவுக்குத் தெரியும். அக்கா நீயும்தானே என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் என் மனு, என் யாருக்கு யார் என்ன, எல்லாம் இந்த வராண்டாவிலேயே உதிர்ந்துவிடும்.

பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு சொல்கிறார்கள். எட்டாம் வாய்ப்பாடு, ஆறெட்டு நாப்பத்தெட்டு வரை ஒரே குரல், அதற்குமேல் பாதிப் பேர் வாயை மட்டும் அசைக்கிறார்கள், சத்தத்திலேயே தெரிகிறது. சத்துணவுக்கூடத்திலிருந்து சாம்பார் கொதிக்கிற வாசனை, அதற்குள் கழிப்பறை பினாயில் வாசனை. முதல் நாளும் இதே வாசனைதான். அவளை ஒன்றாம் வகுப்பில் விட வந்தது நான், அம்மாவுக்குத் தைரியம் இல்லை. வாசலில் நின்றுகொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த பிள்ளை நகர்ந்தது, அதற்குப் பக்கத்துப் பிள்ளையும் நகர்ந்தது, பெஞ்சு முடிந்து கடைசிப் பிள்ளை தரையில் விழப் பார்த்தது. ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ சொன்னார்கள். தாமிரா நேராகப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விட்டிருந்தால் உள்ளே போய் ஒவ்வொருத்தராகப் பிடித்துத் தோல், ரத்தக்குழாய் என்று பிரசங்கம் பண்ணியிருப்பேன். அதற்குள் பின்பெஞ்சிலிருந்து ஒரு கட்டைக்குட்டைப் பெண் எழுந்து வந்தாள், ஆரோக்கிய ஜெனிபா, பெயர் அப்புறம்தான் தெரியும். வந்தவள் தன் கட்டைவிரலை வாயில் வைத்து நனைத்து, என் தங்கை கன்னத்தில் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள், சிலேட்டைத் தேய்க்கிற மாதிரி. விரலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். மோந்தும் பார்த்தாள். "ஒட்டாது. வந்து உக்காருங்கட்டி" என்று வகுப்புக்கு அறிவித்துவிட்டுத் தன் பையைத் தூக்கிக்கொண்டு வந்து தாமிரா பக்கத்தில் உட்கார்ந்தாள். நகர்ந்தவர்கள் எல்லாரும் திரும்பி நகர்ந்தார்கள். அவ்வளவுதான். மருத்துவப் புத்தகம் வேண்டியிருக்கவில்லை, என் வாதம் வேண்டியிருக்கவில்லை, எச்சில் போதுமானதாக இருந்தது. எனக்கு அன்றைக்கு நிம்மதிக்குப் பதிலாக எரிச்சல்தான் வந்தது, அனுமதி கேட்காமல் ஒருத்தி முகத்தைத் தொடலாமா என்று ராத்திரி அம்மாவிடம் அரைமணி நேரம் பேசினேன்.

அப்புறம் மேப்பு. இரண்டாம் வகுப்பில் சுவரில் தேசப்படம் மாட்டினார்கள், அதில் ஏதோ ஒரு தீவு தாமிரா கன்னம் மாதிரியே இருக்கிறது என்று யாரோ கண்டுபிடிக்க, அன்றிலிருந்து அவள் மேப்பு. அவளே வீட்டில் வந்து சிரித்துக்கொண்டு சொன்னாள். நான் சிரிக்கவில்லை. இது கேலி, உனக்குப் புரியவில்லை, நாளைக்குப் புரிகிறபோது வலிக்கும் என்று சொல்லிவிட்டு மறுநாளே இதே அறைக்குள் வந்து, இதே பெரிய டீச்சர் முன்னால், பட்டப்பெயர் என்பது ஒரு வன்முறை என்று ஆரம்பித்துப் பேசினேன். நன்றாகப் பேசினேன். ஜெயித்துவிட்டேன். பெரிய டீச்சர் அந்த வகுப்பு முழுவதையும் முட்டி போட வைத்தார்கள், ஜெனிபாவுக்கு உள்ளங்கையில் அடி. அதற்கப்புறம் ஒரு வாரம் யாரும் தாமிராவிடம் பேசவில்லை. பயம் அவர்களுக்கு, இவளைத் தொட்டால் அக்கா வருவாள் என்று. தண்ணீர்க் குழாய்க்கு இவள் போனால் வரிசை விலகி வழி விட்டது, அடித்துப் பிடித்து முண்டுகிற வரிசை அது, இவளுக்கு மட்டும் மரியாதையாக விலகியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்று, "அக்கா, நீ இனிமே எங்க ஸ்கூலுக்கு வராத" என்றாள். சரி என்றேன். சத்தியம் வாங்கிக்கொண்டாள். அந்தச் சத்தியத்தின் மேல்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன், டொக் டொக் என்று. அந்தப் பிளவை யார் எப்படி ஒட்டினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு நாள் தோளில் கை போட்டுக்கொண்டு இரண்டு பேரும் தெருமுனை வரை வந்தார்கள், "மேப்பு, நாளைக்கு ஸ்கேல் கொண்டாந்துரு" என்று ஜெனிபா கத்தினாள், என் தங்கை முகம் அப்படி மலர்ந்தது. நான் ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

எழுந்து போய்விடலாமா? பத்து முப்பத்தெட்டு. இப்போது போனால் யாருக்கும் தெரியாது, ஆயாம்மாவைத் தவிர. போனால் போட்டோ பிரிண்ட் ஆகிவிடும். இருந்தால் இந்த நாலாம் வகுப்பையும் முட்டி போட வைத்துவிடுவேனோ? பேசினாலும் அவளுக்குக் கெடுதல், பேசாவிட்டாலும் கெடுதல், இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்குமே, அதை ஏன் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை? அறை ஜன்னல் வழியாக மேஜை தெரிகிறது, பழுப்பு உறை, அதன் மேல் ஒரு தாள், தாள் பறக்காமல் இருக்க ஒரு கண்ணாடிக் கனம். உள்ளே போய் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்துவிட்டால்? அரசியல் அறிவியல் முதுகலை, திருட்டு. எடுத்தாலும் ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் இருக்கும், அம்மா போனில் இருக்கும், தாமிரா கண்ணுக்குள் இருக்கும். அந்த மச்சமும் நானேதான் கொண்டுவந்தது. இல்லை, அதை நினைக்கக் கூடாது. நினைக்கக் கூடாது என்றால் அதுதான் முதலில் வரும். அம்மா ஏழு மாதம். சூரிய கிரகணம். அம்மாவை உள்ளறையில் படுக்க வைத்து ஜன்னலையெல்லாம் சாத்தியிருந்தார்கள். எனக்குப் பதின்மூன்று வயது, பள்ளிக்கூடத்தில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு யாருக்கும் தெரியாமல் மொட்டைமாடிக்கு ஓடினேன், சூரியன் கடித்த அப்பளம் மாதிரி இருந்தது. என்னைத் தேடிக்கொண்டு அம்மா படியேறி வந்துவிட்டாள். வெயிலில் நின்று கன்னத்தில் கையை வைத்து, ஏட்டி கீழ வா என்றாள். இடது கன்னம். நான் இதை நம்பவில்லை. ஆயிரம் தடவை படித்திருக்கிறேன், தோலுக்கடியில் ரத்தக்குழாய்கள் விரிந்திருப்பது, கிரகணத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, ஹாஸ்டலில் இதற்காக ஒருத்தியோடு நாலு நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்திருக்கிறேன். ஆனால் அம்மா கையை எந்தக் கன்னத்தில் வைத்தாள் என்பது மட்டும் எனக்கு ஏன் இத்தனை துல்லியமாக ஞாபகம் இருக்க வேண்டும்? நம்பாத ஒன்றுக்கு ஒருத்தி ஒன்பது வருஷம் பயப்பட முடியுமா? முடிகிறது. எழுந்து நிற்கிறேன். உட்காருகிறேன். டொக்.

மணி அடித்துவிட்டது. வராண்டா முழுக்கப் பிள்ளைகள், தண்ணீர் பாட்டில் உருளுகிறது, அதற்கு நடுவில் பெரிய டீச்சர் வருகிறார்கள், சேலைத் தலைப்பில் சாக்பீஸ் பொடி. நான் எழுந்து, அநியாயம் நடந்தது என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன், அதற்குள் அவர்கள், நீ வந்தது நல்லதாப் போச்சு பகவதி, நானே உங்க அம்மாவைக் கூப்பிடணும்னு இருந்தேன் என்று என்னை உள்ளே அழைத்துக்கொண்டுபோய், கண்ணாடிக் கனத்தை நகர்த்தி அந்தத் தாளை என் கையில் கொடுத்தார்கள். போட்டோவுக்குக் கீழே அச்சடிக்கிற பெயர்களாம், இடமிருந்து வலமாகப் பார்த்து எழுதச் சொல்லி வகுப்புத் தலைவியிடம் கொடுத்ததாம், வகுப்புத் தலைவி ஜெனிபாதானாம், பிள்ளைகள் இப்படிக் கேலி பண்ணி வைத்திருக்கிறார்களாம், இன்றைக்கு ஒருத்தரையும் விடப்போவதில்லையாம். படித்தேன். உட்கார்ந்திருப்பவர்கள், சரி. நிற்பவர்கள், முதல் வரிசை, சரி. இரண்டாம் வரிசை: பா. ஸ்ரீநிதி, மு. காளீஸ்வரி, ஆ. ஆரோக்கிய ஜெனிபா, நாலாவதாக 'யாரோ ஒரு பிள்ளை', அப்படியேதான் எழுதியிருந்தது, அப்புறம் செ. ரஹ்மத் நிஷா. கடைசியில் ஒரு கோடு போட்டு, வராதவர்கள்: சு. இசக்கிராஜா, ம. தாமிரா.

ஸ்டூடியோக்காரர் மச்சத்தை மட்டும்தான் எடுத்தார், இவர்கள் ஆளையே எடுத்துவிட்டார்கள். எச்சில் தொட்டுத் தேய்த்தவளா, தோளில் கை போட்டவளா? ஆமாம் டீச்சர், விடாதீர்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது, இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த அதே சூடு, அதே ருசி. அப்போதுதான் புள்ளிகளைப் பார்த்தேன். மெய்யெழுத்துக்கு மேலே வைக்கிற புள்ளி ஒவ்வொன்றும் குட்டி வட்டமாக, நடுவில் ஓட்டையோடு. ஒரு மே மாதம் முழுக்க, புள்ளி வைக்கச் சொன்னால் இட்லி அவிக்கிறாயே என்று நான் திட்டியும் மாறாத வட்டம். இது என் தங்கை கையெழுத்து. வராதவர்கள் என்று எழுதி, அதற்கு நேரே தன் பெயரைத் தானே எழுதியிருக்கிறாள். இதுவரைக்கும் பட்டதெல்லாம் பயமே இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளை தன்னைத்தானே இல்லை என்று எழுதுமா? எழுதுகிற அளவுக்கு உள்ளே என்ன நடந்திருக்கும்? அந்த 'ம்' இதுதானா? கூப்பிடுங்க டீச்சர் அவளை, திட்டாதீங்க, கூப்பிட மட்டும் செய்யுங்க என்றேன், என் குரல் எங்கிருந்தோ கெஞ்சியது.

வந்தாள். கூடவே, கூப்பிடாத ஜெனிபாவும் வந்தாள், இரண்டு பேர் வாயிலும் ஆளுக்குப் பாதி புளிப்பு மிட்டாய். என்னைப் பார்த்ததும் தாமிராவின் கண் சுருங்கியது, சத்தியம் செய்தாயே என்கிற சுருக்கம், அப்புறம் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். பெரிய டீச்சர் தாளைக் காட்டி யார் எழுதியது என்று கேட்டார்கள். நான்தான் டீச்சர் என்றாள் தாமிரா. ஜெனிபா இடையில் புகுந்து, அவ சும்மா எழுதல டீச்சர், கிளாஸ்ல கை தூக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் எழுதுனா, எல்லாரும் தூக்குனாங்க, இசக்கிராஜா கூடத் தூக்குனான், அவன் போட்டோ அன்னைக்கு நெசமாவே லீவு என்றாள். பெரிய டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நான் உறையிலிருந்து போட்டோவை எடுத்தேன். கேட்கக் கூடாத கேள்வி என்று தெரிந்தேதான் கேட்டேன், இதைவிட்டால் கேட்க என்னிடம் வேறு எதுவும் இல்லை. "ஏன் தாமிரா அப்படி எழுதின? இதுல நீ நல்லாத்தானே இருக்க?"

அவள் மிட்டாயை ஒரு கடைவாயிலிருந்து இன்னொரு கடைவாய்க்கு மாற்றினாள், இடது கன்னம் புடைத்தது, சிவப்பு இன்னும் கொஞ்சம் பெரிதானது. போட்டோவை என் கையிலிருந்து வாங்கி, இரண்டாம் வரிசையில் நாலாவதாக நிற்கிறவளை நன்றாகக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு, முழு முகத்தோடு என் பக்கம் நிமிர்ந்தாள்.

"நல்லாத்தான்க்கா இருக்கா. ஆனா அவ எங்க கிளாஸ் இல்ல."